நிஞ்சா: கறுப்புத் துணிக்குள் இருந்த வேலையில்லாச் சாமுராய்

கருவேலங்காடு:

போன வாரம் வேறொரு இழையில் "சாமுராய்க்கும் நிஞ்சாவுக்கும் ஜென்மப் பகை, சாமுராய் நேருக்கு நேர் நிற்பவன், நிஞ்சா முதுகில் குத்துகிறவன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏகப்பட்ட பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அங்கே மறுத்தால் பேச்சு திசை மாறிவிடும் என்பதால் தனி இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிஞ்சா என்றாலே இரண்டு ஊர்ப் பெயர்கள் வரும்: இகா, கோகா. இகா இன்றைய மியே மாகாணத்தில், கோகா அதை ஒட்டிய ஷிகா மாகாணத்தில். இரண்டுக்கும் நடுவில் மலை. கியோட்டோவிலிருந்து அதிக தூரம் இல்லை, ஆனால் பெரிய படையை நடத்திக்கொண்டு போக வசதிப்படாத மேடும் பள்ளமுமான பூமி. 1467-ல் ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போர் வெடித்தது. அதற்குப் பிறகு, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அதிகாரம் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்த நூறு வருடத்துக்கும் மேலான காலத்தில், இகாவில் எந்தப் பெரிய பிரபுவாலும் உறுதியாகக் கால் ஊன்ற முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் சின்னச் சின்ன நிலக்காரர்கள். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் மண்கரை எழுப்பி அதையே கோட்டையாக்கிக்கொண்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள், வெளியூர்ப் படை வந்தால் மட்டும் ஒன்று சேர்ந்துகொள்வார்கள்.

அவர்கள் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை ஒன்று இன்றும் கிடைக்கிறது. வெளியூர்ப் படை எல்லைக்குள் நுழைந்தால் ஊர் ஊராக மணி அடிக்க வேண்டும், 17 வயது முதல் 50 வயது வரை உள்ளவர்கள் களத்துக்கு வர வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அதிலேயே இன்னொரு விதி: எல்லையில் எதிரியின் கோட்டையைப் பிடித்துத் தருகிற சாதாரண காலாளுக்குச் சன்மானம் கொடுத்து அவனைச் சாமுராய் ஆக்குவோம். நிஞ்சாக்களின் ஊர் என்று நாம் சொல்கிற ஊரே சாமுராய்ப் பட்டத்தைப் பரிசாக வைத்திருக்கிறது! இதில் பகை எங்கிருந்து வந்தது?

ஒளிந்து போய் வேவு பார்ப்பது, இரவில் கோட்டைக்குள் புகுந்து தீ வைப்பது, எதிரி முகாமில் குழப்பம் உண்டாக்குவது எல்லாம் இந்த ஆட்களில் சிலர் கற்றுவைத்திருந்த வேலை. அது ஒரு சாதியும் இல்லை, ரகசிய மதமும் இல்லை. மற்ற மாகாணத்துப் பிரபுக்கள் கூலி கொடுத்துக் கூப்பிட்டார்கள், போனார்கள். இகாவுக்கும் கோகாவுக்கும் மட்டும் சொந்தமான வேலையும் இல்லை. கிழக்கே ஹோஜோ குடும்பத்துக்கு ஃபூமா கூட்டம் இருந்தது, தக்கேதா, உஎசுகி என்ற பிரபுக் குடும்பங்களுக்கும் அவரவர் ஆட்கள். இதற்கெல்லாம் முன்பே, தைஹெய்கி என்ற 14-ஆம் நூற்றாண்டுப் போர்க் காவியத்தில், மழையும் காற்றுமான ஓர் இரவில் தேர்ந்த ஷினோபி (நிஞ்சாவுக்குப் பழைய பெயர்) ஒருவனை மலைக்கோவிலுக்குள் அனுப்பித் தீ வைத்த சம்பவம் வருகிறது. 1338-ல் நடந்தது.

கோகாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1487. ஷோகுன் அஷிகாகா யோஷிஹிசா, ரொக்காகு தக்காயோரி என்ற பிரபுவை அடக்கப் படையோடு வந்தார். ரொக்காகு கோகா மலைக்குள் ஓடி ஒளிந்துகொண்டார், அங்கிருந்த சிறு குடும்பங்கள் ஷோகுனின் முகாமை இரவில் தாக்கித் தாக்கி மறைந்தன. யோஷிஹிசா வெற்றி பெறாமலே 1489-ல் அந்த முகாமிலேயே நோயில் இறந்தார்.

இகாவின் கதை இன்னும் மோசமாக முடிந்தது. 1579-ல், அப்போது நாட்டின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்த பிரபு ஒடா நொபுனாகாவின் மகன் நொபுகாட்சு அப்பாவிடம் கேட்காமலே இகா மீது படையெடுத்து, செமத்தியாக அடி வாங்கித் திரும்பினார். அப்பா கோபமாகக் கடிதம் எழுதினார், பிறகு 1581-ல் 40,000-க்கும் மேற்பட்ட படையைப் பல வழிகளில் ஒரே சமயத்தில் இறக்கினார். சில வாரங்களில் எல்லாம் முடிந்தது. தப்பியவர்கள் சிதறினார்கள்.

வெட்டிமுறிப்போன்:

நன்றி ஐயா. எல்லாம் சரி, அந்தக் கறுப்பு உடுப்பு? கண் மட்டும் தெரிகிற முகமூடி? அது நாடக மேடையிலிருந்து வந்தது என்று எங்கோ படித்தேன். மேடையில் சாமான்களை நகர்த்துகிற உதவியாளர்கள் கறுப்பு போட்டிருப்பார்கள், பார்வையாளர்கள் அவர்களைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள், திடீரென்று அந்த ஆளே கத்தியை எடுத்தால்...

கருவேலங்காடு:

அந்த விளக்கத்துக்கு அழகு அதிகம், அதனால்தான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஆனால் மேடையை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். எதோ காலத்துப் படங்களிலேயே கறுப்பு உடை வந்துவிட்டது (எதோ என்பது டோக்கியோவின் பழைய பெயர், ஷோகுன்கள் அங்கிருந்து ஆண்ட 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையான காலம்). ஓவியர் ஹொகுசாயின் ஓவியத் தொகுப்பில், 1817-ல் வந்த பகுதியில், கயிற்றைப் பிடித்து ஏறுகிற கறுப்பு உடை ஆசாமியைப் பார்க்கலாம். ஓவியனுக்கு ஒரு சிக்கல் உண்டு, மறைந்திருப்பவனையும் வரைந்து காட்ட வேண்டும். கறுப்பு அதற்கு வாகான அடையாளம்.

நிஜத்தில் அவர்கள் என்ன போட்டார்கள் என்றால், சூழலுக்குத் தகுந்த எதையும். 1681-ல் கிஷு பகுதியின் நத்தோரி மசாசுமி எழுதிய ஷோனின்கி ஏழு வேடங்களைச் சொல்கிறது: கூடைத் தொப்பியோடு புல்லாங்குழல் வாசித்துத் திரியும் துறவி, பௌத்தத் துறவி, மலைச் சாமியார், வியாபாரி, தெருவித்தைக்காரன், கூத்தாடி, அப்புறம் சும்மா ஊர்க்காரன். அதே நூல் உடை நிறங்களாகப் பழுப்பு, கருநீலம், கறுப்பு போன்றவற்றைச் சொல்வது, அவை ஊரில் எல்லோரும் உடுத்துகிற நிறங்கள் என்பதால்தான். கூட்டத்தில் ஒருவனாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பகல் நேரத்தில் முழுக் கறுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு சந்தைக்குள் போனால் முதல் கடைக்காரனே பிடித்துக் கொடுத்துவிடுவான்.

தென்னாட்டுச்சிங்கம்:

எவ்வளவு எழுதினாலும் மூலத்தை விட்டுவிட்டீர்கள். காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோன நம் போர்க்கலை ஷாவ்லினுக்குப் போய், அங்கிருந்து ஜப்பான் போய் நிஞ்சாவானது. இதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

பழங்காகிதம்:

தயக்கம் ஒன்றும் இல்லை சகோ, சங்கிலியில் ஒரு கண்ணிகூட நிற்காததுதான் பிரச்சினை. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ல் எழுதப்பட்டது, அது அவரைப் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதற்கு அடுத்தபடியான பழைய குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக்கலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவரை ஷாவ்லின் உடற்பயிற்சியோடு சேர்த்துவைத்தது 17-ஆம் நூற்றாண்டில், அதாவது 1624 தேதியிட்ட ஒரு நூல், கிட்டத்தட்ட 1,100 வருடம் கழித்து. அதற்குள் இகாக்காரர்கள் போரெல்லாம் முடித்து எதோவில் கோட்டை வாசல் காத்துக்கொண்டிருந்தார்கள்! சீனாவிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அது சன் சூவின் போர் நூல். அதில் ஒற்றர்களில் ஐந்து வகை என்று வரும் பகுதியை நிஞ்சாக் கையேடுகள் விரிவாக எடுத்தாள்கின்றன.

அனிமேபைத்தியம்:

கருவேலங்காடு அண்ணா, அடுத்து என்னென்ன பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுங்கள், மொத்தமாக அழுதுகொள்கிறேன் 😭 நட்சத்திரக் கத்தி, நேர் வாள், தண்ணீர் மேல் நடக்கிற செருப்பு, பெண் நிஞ்சா?

கருவேலங்காடு:

அழாதே தம்பி, எல்லாமே பொய் இல்லை.

எறிகத்தி உண்மைதான், ஆனால் சாமுராய்ப் பள்ளிகள் முறையாகச் சொல்லிக்கொடுத்த கலை அது, நிஞ்சாவின் தனிச்சொத்து இல்லை. இரும்பு அதிக விலை விற்ற காலத்தில் பத்து பத்தாக வீசிவிட்டுப் போவதெல்லாம் திரைப்பட பட்ஜெட்டில்தான் நடக்கும். நேரான நிஞ்சா வாள் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அதற்கு முந்தைய வாள் ஒன்றுகூட ஆதாரமாக இல்லை. குனாய் என்று அனிமேயில் எறிகிறார்களே, அது தோண்டவும் நெம்பவும் பயன்பட்ட கருவி, கொத்தனார் கரண்டிக்கு உறவுக்காரன்.

தண்ணீர்ச் செருப்பு விவகாரம் சுவாரசியமானது. 1676-ல் இகாவின் ஃபுஜிபாயாஷி யசுதாகே தொகுத்த பான்சென்ஷூகாய் என்ற பெரிய கையேட்டில் அதன் படம் இருக்கிறது: வட்டமான மரவளையம், நடுவில் ஒரு பலகை. பிற்காலத்தில் காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு நடப்பது என்று எடுத்துக்கொண்டார்கள், அப்படிச் செய்தால் ஆள் மூழ்கிவிடுவான், முயன்று பார்த்தவர்கள் எல்லாம் நனைந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்து அகழியையோ சேற்றையோ கடப்பது என்றால் கொஞ்சம் பொருந்துகிறது.

பெண்கள் விஷயத்தில், அதே நூல் பெண்களை எதிரி வீட்டுக்குள் பணிப்பெண் மாதிரி அனுப்பித் தகவல் எடுக்கும் உத்தியைப் பேசுகிறது. கூரை தாவிக் கழுத்தை அறுக்கும் பெண்படை அதில் கிடையாது. மொச்சிசுகி சியோமே என்ற பெண் தக்கேதாவுக்காக நூற்றுக்கணக்கான பெண் உளவாளிகளைப் பயிற்றுவித்தார் என்று இணையம் முழுக்க இருக்கிறது. போர்க்காலத்து ஆவணம் எதிலும் அந்தக் கதை கிடையாது, அது பரவியது 1970-களுக்குப் பிறகு.

சாசுகே என்ற பெயரைக் கேட்டதும் உனக்கு எந்த அனிமே ஞாபகம் வரும் என்று தெரியும். அந்தப் பெயர் ஒசாகாவில் 1910-களில் சிறுவர்களுக்காக அச்சான தச்சிகாவா சிறுநூல் வரிசையில் குதித்துத் திரிந்த சாருதோபி சாசுகேயிடமிருந்து வந்தது. மந்திரம் சொல்லி மறையும் நிஞ்சாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மலிவுப் புத்தகங்கள்தான்.

பழங்காகிதம்:

இங்கே ஒரு ஆட்சேபம். கருவேலங்காடு ஐயா திரைப்படத்தை நம்பாதே என்று சொல்லிவிட்டு, கையேட்டில் இப்படி இருக்கிறது என்று 1676-ஐயும் 1681-ஐயும் எடுத்து வைக்கிறார். பெரிய போர்கள் 1615-ல் ஒசாகா கோட்டை விழுந்ததோடு முடிந்தன. அதாவது இந்த நூல்களை எழுதியவர்கள் போர் பார்க்காத தலைமுறை. போர்க்காலத்து இகாக்காரன் உண்மையில் என்ன செய்தான் என்பதற்கு இவை நேர்சாட்சி இல்லை.

இன்னொன்று, எதற்காக எழுதினார்கள்? கோகாக் குடும்பங்களின் நிலங்களை, நொபுனாகாவுக்குப் பிறகு நாட்டைப் பிடித்த ஹிதேயோஷி 1585-லேயே பறித்துவிட்டார். அதிலிருந்து அவர்கள் அலைந்தது எல்லாம் மறுபடி சாமுராய் அந்தஸ்தில் ஒரு வேலைக்குத்தான். 1638-ல், தெற்கே கியூஷு தீவின் ஷிமாபாராவில் கிறிஸ்தவ விவசாயிகளின் கிளர்ச்சியை அடக்கப் போன மட்சுதைரா நொபுட்சுனாவிடம், எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கோகாக்காரர்கள் வழியில் மறித்துக் கேட்டார்கள். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார். கோகாவின் உகாய் குடும்பத்து நாட்குறிப்பில் அந்த முற்றுகை விவரம் வருகிறது. கிளர்ச்சிக்காரர்கள் இருந்த ஹாரா கோட்டைக்குள் இரவில் புகுந்தவர்களில் ஒருவர் குழிக்குள் விழுந்துவிட, கூட வந்தவர் தூக்கிவிட, கல்லடி பட்டுக்கொண்டே எதிரியின் கொடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். உள்ளேயே தங்கி ஒட்டுக் கேட்கலாம் என்றால் அங்கே பேசிய கியூஷு வட்டார வழக்கும் கிறிஸ்தவச் சொற்களும் புரியவில்லை. போர் முடிந்தது, வேலை கிடைக்கவில்லை.

அப்புறம் 1789. கோகாப் பெரியவர்கள் சிலர் எதோவுக்குப் போய், நாங்கள் வறுமையில் இருக்கிறோம், எங்கள் கலை அழிகிறது என்று அரசிடம் மனு கொடுத்தபோது கூடவே கொடுத்தது எது தெரியுமா? பான்சென்ஷூகாய். கொஞ்சம் வெள்ளி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இந்த நூல்களைப் படிக்கும்போதெல்லாம் வேலைக்கு விண்ணப்பிக்கிறவன் அனுப்புகிற சுயவிவரம்தான் நினைவுக்கு வருகிறது. தெரிந்ததையும் எழுதுவான், தெரிந்த மாதிரியும் எழுதுவான்.

கருவேலங்காடு:

நல்ல அடி! ஆனால் இதை என் கட்சிக்கே சாட்சியாக எடுத்துக்கொள்வேன். பறக்கிற மந்திரவாதிக்கு மனு எழுத வேண்டிய அவசியம் இல்லையே. அந்த ஆட்களின் கவலை முழுக்க அந்தஸ்து, நிலம், சம்பளம். நீங்கள் சொன்ன ஷிமாபாராவோடு இதையும் வைத்துப் பாருங்கள்.

1582 ஜூனில் நொபுனாகா கியோட்டோவில் துரோகத்தால் இறந்தபோது, பின்னாளில் ஷோகுன் ஆன டோகுகவா இயேயாசு சொற்ப ஆட்களோடு ஒசாகாவை ஒட்டிய சகாய் என்ற ஊரில் மாட்டிக்கொண்டார். மிகாவாவில் இருந்த தன் ஊருக்கு இகா மலை வழியாகத் தப்பி வந்தார், இகாக்காரர்களும் கோகாக்காரர்களும் வழித்துணை போனார்கள். பிற்பாடு இகாவிலிருந்து 200 பேரைச் சேர்த்துக்கொண்டு அவர்களை ஹட்டோரி ஹான்சோவின் பொறுப்பில் விட்டார். இந்த ஹான்சோதான் உலகம் முழுக்க நிஞ்சாக்களின் தலைவன் என்று பெயர் வாங்கியவர். அவர் அப்பா இகாக்காரர், அவர் பிறந்தது மிகாவாவில், போர்க்களத்தில் ஈட்டி வீரராகப் பேர் எடுத்த முழுச் சாமுராய்.

அவர் இறந்து மகன் பொறுப்புக்கு வந்ததும் தகராறு. மகன், அரசுச் சம்பளம் வாங்குகிற இகாக்காரர்களைத் தன் வீட்டு வேலைக்காரர்களாக நடத்தினார், சொந்தக் கட்டட வேலைக்கு இழுத்தார், வராதவர்களின் சம்பளத்தில் கை வைத்தார். 1605-ல் இகாக்காரர்கள் எதோவின் யோட்சுயா பகுதியில் ஒரு கோவிலுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, இந்த ஆளை மாற்று என்று உட்கார்ந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம்! விஷம் வைக்கவில்லை, கூரை ஏறவில்லை. கடைசியில் மகன் பதவியை இழந்தார், இகாக்காரர்களைப் பல தலைவர்களின் கீழ் பிரித்துப் போட்டார்கள். எனக்கு மொத்த நிஞ்சா வரலாற்றிலும் மிகப் பிடித்த சம்பவம் இதுதான், இதை யாரும் படமாக எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கையேடுகளைப் பற்றி: நேர்சாட்சி இல்லை என்பது சரி. ஆனால் பான்சென்ஷூகாய் தொடக்கத்திலேயே மனநிலை, நேர்மை என்று பக்கம் பக்கமாகப் பேசுவதைப் பாருங்கள், பூட்டு உடைக்கிற பகுதியெல்லாம் பின்னால்தான் வருகிறது. இந்த வேலையைத் திருட்டு என்று ஊர் நினைத்தது, நாங்கள் திருடர்கள் இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. அந்த அவஸ்தை போலியாக எழுதக்கூடியது இல்லை.

வெட்டிமுறிப்போன்:

அப்படியானால் எதோ காலத்தில் இவர்களுக்கு உளவு வேலையே இல்லையா? 250 வருடம் சும்மாவா உட்கார்ந்திருந்தார்கள்?

பழங்காகிதம்:

பெரும்பாலும் காவல் வேலை. ஷோகுனின் கோட்டையில் நூறு பேர் கொண்ட காவல் அணிகளில் இகா அணியும் கோகா அணியும் உண்டு. உளவு தேவைப்பட்டபோது ஆள் மாறிவிட்டது. 1716-ல் யோஷிமுனே ஷோகுன் ஆனதும் இகாக்காரர்களை நம்பாமல் தன் சொந்தக் கிஷுவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து தோட்டக் காவலர் என்ற பெயரில் வைத்துக்கொண்டார். அவர்கள்தான் மாகாணங்களுக்குப் போய் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கைகளில் அரிசி விலை, அதிகாரிகளைப் பற்றிய ஊர்ப்பேச்சு எல்லாம் இருக்கும், கொலை இருக்காது.

கடைசிக் காலத்துக்கு ஒரு வேடிக்கை: 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் வந்தபோது, இகாவின் சவாமுரா யசுசுகே அந்தக் கப்பலை வேவு பார்த்தார் என்று அவர் குடும்பம் சொல்கிறது. கொண்டுவந்தது ரொட்டி, புகையிலை, மெழுகுவர்த்தி, அப்புறம் காகிதம் இரண்டு. ராணுவ ரகசியம் எதுவும் இல்லை.

ஒசாகாவாசி:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதியே ஆக வேண்டும். 2018-ல் "இகாவில் நிஞ்சாவுக்கு ஆள் பற்றாக்குறை, வருடத்துக்குப் பல்லாயிரம் டாலர் சம்பளம்" என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியதே, வெளிநாடுகளிலிருந்து விசாரிப்புகள் குவிந்து இகா நகர நிர்வாகம் அப்படி ஒரு வேலையே இல்லை என்று மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஊரிலிருந்து என் மச்சானும் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, விசா எப்படி என்று கேட்டான்.

மெய்யாகவே இருப்பது மியே பல்கலைக்கழகத்தின் நிஞ்சா ஆய்வு மையம், 2017-ல் தொடங்கியது. யமதா யூஜி போன்ற வரலாற்றுப் பேராசிரியர்கள் பழைய கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து படிக்கிறார்கள். முதுகலைப் படிப்பும் உண்டு, நுழைவுத் தேர்வில் வரலாற்று அறிவைச் சோதிப்பார்கள்.

இகாவுக்குப் போனால் கவிஞர் பாஷோ பிறந்த ஊரும் அதுதான் என்பதால் "பாஷோவும் ஒரு நிஞ்சா" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். 1689-ல் அவ்வளவு வேகமாக வடக்கே நடந்தாரே, அது உளவுப் பயணமாகத்தான் இருக்கும் என்பது வாதம். நல்ல நடைக்காரர் என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

அனிமேபைத்தியம்:

அண்ணா, அடுத்த வருடம் ஜப்பான் வரும் திட்டம் இருக்கிறது. இகாவா கோகாவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும்.

ஒசாகாவாசி:

விளையாட்டு வேண்டும் என்றால் இகா. அருங்காட்சியகம், சுழலும் சுவர், சண்டைக் காட்சி, நிஞ்சாக் கண்கள் வரைந்த ரயில் எல்லாம் அங்கே. கூட்டமும் அங்கேதான். நான் கோகாவைத்தான் சொல்வேன். அங்கே மொச்சிசுகி குடும்பத்தின் நிஜ வீடு இருக்கிறது, 300 வருடத்துக்கு மேல் பழையது, வெளியே பார்த்தால் சாதாரண விவசாயி வீடு, உள்ளே மறைவாக மாடி அறைகள். அந்தக் குடும்பம் பிற்பாடு மருந்துத் தொழிலில் இறங்கியது, கோகாவில் இன்றும் மருந்துக் கம்பெனிகள் அதிகம், மூலிகைத் தேநீரும் கொடுப்பார்கள்.

டோக்கியோவை விட்டு நகரவே நேரம் இல்லை என்றால், அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குள் பழங்காகிதம் சொன்ன அந்தக் காவல் அணிகளின் நீண்ட காவல்வீடு அப்படியே நிற்கிறது. யோட்சுயாவில் சைனென்ஜி கோவிலில் ஹான்சோவின் கல்லறையும் அவருடையது என்று சொல்லும் ஈட்டியும் உண்டு. இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் திங்களும் வெள்ளியும் பூட்டியிருக்கும், பார்த்துப் போ.